ஊர் ஊராகப் போய் முகம் வரைந்தவர்

தாமரை மேல் நிற்கும் லட்சுமி, ஆற்றங்கரைப் பாறையில் வீணையோடு அமர்ந்திருக்கும் சரஸ்வதி. இந்த இரண்டு படங்களையும் பார்க்காத தமிழர் இருக்க மாட்டார். பூஜை அறையில் பார்த்திருப்போம், இல்லாவிட்டால் மளிகைக் கடைக் காலண்டரிலாவது பார்த்திருப்போம். அவற்றை முதலில் வரைந்தவர் ரவிவர்மா.

லட்சுமியையும் சரஸ்வதியையும் வரைந்து அவர் பிழைக்கவில்லை. மனிதர்களின் முகங்களை வரைந்தே பிழைத்தார். திவான், கவர்னர், ஜட்ஜ், மகாராணி என்று யார் கூப்பிட்டாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார். ஏறக்குறைய 40 வருடம் இதுதான் அவருடைய தொழில். அந்தத் தொழிலை அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை என்பதுதான் வேடிக்கை.

சுவரில் கரிக்கட்டி

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் கிளிமானூர் என்ற ஊர். அங்குள்ள அரண்மனையில் 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ந் தேதி ரவிவர்மா பிறந்தார். தாயார் உமையம்பா தம்புராட்டி. தகப்பனார் நீலகண்ட பட்டதிரிப்பாடு, வடமொழி படித்தவர்.

சிறு வயதில் அரண்மனைச் சுவர்களில் கரிக்கட்டியால் யானை, குதிரை, மனிதர் என்று கிறுக்கித் தள்ளினார். வேலைக்காரர்களுக்குச் சுவரைத் துடைத்து மாளவில்லை. தாய்மாமன் ராஜராஜ வர்மா மட்டும் அதைக் கண்டு கோபப்படவில்லை. அவரே தஞ்சாவூர் முறையில் படம் எழுதத் தெரிந்தவர். மருமகன் கையில் தூரிகையைக் கொடுத்து, தமக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தார்.

மாமனுக்குத் தெரிந்த வித்தை சீக்கிரமே தீர்ந்துவிட்டது. 14 வயதில் பையனைத் திருவனந்தபுரம் அழைத்துப் போய், மகாராஜா ஆயில்யம் திருநாளிடம் விட்டார். மகாராஜாவுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. அங்கேயே தங்கிப் படம் பழகும்படி சொன்னார்.

சொல்லித்தராத வாத்தியார்கள்

அந்த நாளில் ஆயில் பெயிண்ட் என்பது நம் நாட்டில் புதுச் சரக்கு. இலைச்சாறு, மண், கல் இவற்றிலிருந்து எடுக்கும் பழைய வண்ணங்கள் பூசியவுடன் உலர்ந்துவிடும். எண்ணெய் வண்ணம் அப்படியல்ல. நாள் கணக்கில் ஈரமாகவே கிடக்கும். ஆகவே கன்னத்து வெளிச்சத்தையும் மோவாயின் நிழலையும் ஒன்றோடொன்று இழைத்துக்கொண்டே போகலாம். தோல் தோலாகத் தெரியும், பட்டு பட்டாகத் தெரியும். ஆனால் எதில் கலப்பது, எது முதலில் பூசுவது, எப்போது நிறுத்துவது என்று தெரியாதவன் கையில் அது வெறும் சேறு.

திருவனந்தபுரம் அரண்மனையில் அதைத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். மதுரையைச் சேர்ந்த ராமசாமி நாயக்கர், ஆஸ்தான ஓவியர். ரவிவர்மா அவரிடம் போய்க் கேட்டார். நாயக்கர் சொல்லித்தர மறுத்துவிட்டார். இந்தப் பையன் நாளைக்குத் தமக்குப் போட்டியாக வருவான் என்று அவர் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. அரண்மனையில் ஒரு நாற்காலிதானே இருந்தது!

நாயக்கரின் சீடர் ஆறுமுகம் பிள்ளை குருவுக்குத் தெரியாமல் சில நுணுக்கங்களைச் சொல்லிக்கொடுத்தார் என்று ரவிவர்மாவின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

1868ஆம் ஆண்டு தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவின் படம் வரைய வந்தார். அவரும் சொல்லித்தரத் தயாராக இல்லை. மகாராஜா சொன்னதற்காக, பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார். ரவிவர்மாவுக்கு அப்போது 20 வயது. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு மாணவனைப் போல உட்கார்ந்து கேள்வி கேட்க முடியாது. கையைக் கட்டிக்கொண்டு பார்க்கலாம், அவ்வளவுதான். வெள்ளைக்காரர் தூரிகையை எந்த வண்ணத்தில் தோய்த்தார், நெற்றியை முடித்துவிட்டுக் கண்ணுக்குப் போனாரா, கண்ணை முடித்துவிட்டு நெற்றிக்கு வந்தாரா என்று கண்ணாலேயே களவாடினார். பிறகு தம் அறைக்குப் போய்த் தாமே போட்டுப் பார்த்தார், அழித்தார், திரும்பப் போட்டார்.

ஓவியப் பள்ளிக்கூடம் எதிலும் அவர் படித்ததில்லை. அவர் படிப்பு இவ்வளவுதான்.

முதல் கூலி

1870இல் கொல்லூர் மூகாம்பிகை கோயிலுக்குப் போய் 41 நாள் விரதம் இருந்தார். அந்த யாத்திரையை ஒட்டித்தான் கோழிக்கோட்டில் நீதித்துறையில் இருந்த கிழக்கே பாலாட்டு கிருஷ்ண மேனோன் தம் குடும்பத்தைப் படமாக வரையச் சொன்னார். பணம் வாங்கிக்கொண்டு வரைந்த முதல் படம் அது. அரச உறவு உள்ள வீட்டுப் பிள்ளை கூலிக்குப் படம் எழுதுவதா என்ற பேச்சு அந்தக் காலத்தில் எழாமல் இருக்குமா? ரவிவர்மா அதைப் பொருட்படுத்தவில்லை. மறு வருடம் மகாராஜா வீரசிருங்கலை அணிவித்தார். அந்தப் பேச்சுக்கு அதுவும் ஒரு பதில்.

1873இல் சென்னை ஓவியக் கண்காட்சிக்கு ஒரு படம் அனுப்பினார். ஒரு நாயர் பெண் கூந்தலில் பூச்சரம் சூடுகிறாள், வேறொன்றும் இல்லை. அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே வருடம் வியன்னா கண்காட்சியிலும் பரிசு. மறு வருடம் வாத்தியம் வாசிக்கும் தமிழ்ப் பெண்ணை வரைந்து அனுப்பினார். அதற்கும் சென்னையில் பதக்கம். ராஜா ராணி இல்லாமல், வீட்டுப் பெண் ஒருத்தியின் முகமும் கையும் நகையும் போதும், பார்ப்பவர்கள் நின்றுவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

பின்னர் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவையும் வரைந்தார். சகுந்தலை காதல் கடிதம் எழுதும் அவருடைய படத்தை விலைக்கு வாங்கியவரும் இதே கவர்னர்தான். வடமொழி அறிஞர் மோனியர் வில்லியம்ஸின் சாகுந்தல மொழிபெயர்ப்பிலும் அந்தப் படம் இடம்பெற்றது.

பெட்டியும் படுக்கையும்

1880இல் ஆயில்யம் திருநாள் காலமானார். அடுத்து வந்த மகாராஜா விசாகம் திருநாளுக்கும் ரவிவர்மாவுக்கும் ஒத்துப்போகவில்லை. சொந்த ஊரில் ஆதரவு போனால் என்ன செய்வது? மற்றவர்கள் செய்வதைத்தான் அவரும் செய்தார். வெளியூர் கிளம்பினார்.

கை கொடுத்தவர் சர் டி. மாதவராவ். கும்பகோணத்தில் பிறந்தவர், முன்பு திருவிதாங்கூர் திவானாக இருந்தவர், அப்போது பரோடாவில் திவான். 1881இல் சயாஜிராவ் கெய்க்வாட் அதிகாரம் ஏற்ற சமயம் ரவிவர்மா அங்கே அழைக்கப்பட்டார். 1885இல் மைசூர் மகாராஜா சாமராஜேந்திர உடையார் கூப்பிட்டார். அதன்பின் அவர் ஓர் ஊரில் நிலையாக இருந்தார் என்று சொல்ல முடியாது.

கூடவே தம்பி ராஜராஜ வர்மாவும் போனார். மாமன் பெயர்தான் தம்பிக்கும். தம்பியும் நல்ல ஓவியர். அண்ணன் முகத்தையும் உருவத்தையும் வரைவார்; பின்னால் தெரியும் மலை, மரம், வானம் பல படங்களில் தம்பியின் வேலை. கணக்கு வழக்கு, கடிதப் போக்குவரத்து, ரயில் ஏற்பாடு எல்லாம் தம்பிதான். அவர் 1895 முதல் 1904 வரை ஆங்கிலத்தில் டயரி எழுதி வைத்தார். இந்த அண்ணன் தம்பி அன்றாடம் எப்படி உழைத்தார்கள் என்று நமக்குத் தெரிவது அதனால்தான்.

முகம் வரைவது என்பது ஓவியரின் கையில் மட்டும் இல்லை. உட்காருகிறவர் உட்கார வேண்டும். மகாராஜாக்களுக்கு வேட்டை உண்டு, தர்பார் உண்டு. நேரம் கொடுக்காதவர்களுக்குப் போட்டோவை வைத்துக்கொண்டு வரைய வேண்டியிருந்தது. இறந்துபோன ஒருவரின் மங்கிய போட்டோவைக் கொடுத்து உயிரோடு இருப்பதுபோல எழுதித் தரச் சொல்வார்கள். அதையும் எழுதிக் கொடுத்தார். 1902இல் ஹைதராபாத் நிஜாமின் ஆர்டர் கிடைக்கும் என்று நம்பிப் போனார்கள். புகைப்படக் கலைஞர் ராஜா தீன்தயாள் வீட்டில் தங்கிக் காத்திருந்தார்கள். ஆர்டர் வரவில்லை. இத்தனை புகழுக்குப் பிறகும் இப்படி!

பெண்களை வரைவதில் வேறு கஷ்டம். நல்ல குடும்பத்துப் பெண்கள் அந்நிய ஆண் முன்னால் மணிக்கணக்கில் உட்கார மாட்டார்கள். பாட்டு, நாட்டியம், நாடகம் தொழிலாகக் கொண்ட பெண்கள் உட்கார்ந்தார்கள். உலகம் ஒதுக்கி வைத்த பெண்ணின் முகம் லட்சுமியாகவும் சீதையாகவும் மாறிப் பூஜை அறைக்குள் போயிற்று என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். எந்தப் படம் யாருடைய முகம் என்பதெல்லாம் பெரும்பாலும் வதந்திதான்.

சகுந்தலைக்கு என்ன சேலை?

பரோடா மகாராஜா 14 புராணப் படங்கள் கேட்டபோது ஒரு சிக்கல் வந்தது. நளனும் தமயந்தியும் எப்படி உடுத்தியிருப்பார்கள்? மலையாள முண்டு உடுத்தினால் பம்பாய்க்காரர் சிரிப்பார். வடநாட்டுப் பாவாடை போட்டால் தெற்கே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அண்ணனும் தம்பியும் வட இந்தியா முழுவதும் சுற்றினார்கள். கோயில் சிற்பங்களைப் பார்த்தார்கள். நாடு முழுவதற்கும் பொதுவான பழைய உடை எதுவும் அகப்படவில்லை. கடைசியில் சேலையைத் தேர்ந்தெடுத்தார். நம் தெய்வங்கள் காலண்டரில் சேலை கட்டி நிற்பதில் இந்தச் சுற்றுப்பயணத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்த 14 படங்களுக்கு ரூ.50,000 கிடைத்தது என்பார்கள். அவற்றை பரோடாவுக்கு அனுப்பும் முன் திருவனந்தபுரத்திலும் பம்பாயிலும் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். கூட்டம் அலைமோதியது. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் போன 10 படங்களும் பதக்கம் பெற்றுத் தந்தன. படங்கள்தான் கடல் கடந்தன. அவர் ஒருபோதும் கடல் கடந்ததில்லை.

இதற்கிடையில், 1891இல், மனைவி பாகீரதி காலமானார். கல்யாணமான நாள் முதல் அந்த அம்மாள் மாவேலிக்கரையிலும், அவர் பெரும்பாலும் வெளியூரிலுமாகவே காலம் போயிருந்தது. இரண்டு ஆண், மூன்று பெண், ஆக ஐந்து குழந்தைகள். மகள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வரும் அப்பாவைக் காட்டுவதுபோல 1893இல் ஒரு படம் வரைந்தார். அதில் அப்பா தெரிய மாட்டார். மகளும் பேரனும் ஒரு நாயும்தான்.

நஷ்டத்தில் ஓடிய அச்சகம்

அரண்மனைக்குள் மாட்டிய படத்தை எத்தனை பேர் பார்க்க முடியும்? படங்களை அச்சடித்துப் பரப்பலாம் என்று முன்பே யோசனை சொன்னவர் மாதவராவ். 1894இல் பம்பாயில் ரவிவர்மா சொந்தமாக அச்சகம் வைத்தார். யந்திரம் ஜெர்மனியிலிருந்து வந்தது, தொழில் தெரிந்த ஆட்களும் அங்கிருந்தே வந்தார்கள். இது கல் அச்சு. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல். ஒரே காகிதம் ஒவ்வொரு கல்லாக ஏறி இறங்க வேண்டும். மயிரிழை விலகினாலும் உதடு ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம் போய்விடும். முதலில் வெளிவந்தது சகுந்தலையின் பிறப்பு. பிறகு லட்சுமி, சரஸ்வதி.

படங்கள் பறந்தன, பணம் நிற்கவில்லை. கூட்டாளி விலகினார். 1896இல் பம்பாயில் பிளேக் நோய் புகுந்து ஊரே காலியாயிற்று. அச்சகத்தை லோனாவ்லா பக்கம் மளவ்லிக்கு மாற்றினார்கள். கடன் ஏறியது. யாரோ ஒருவர் முகத்தை வரைந்து வாங்கிய பணம் இந்தக் கல்லுக்குள் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் புது நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கு வேலை பார்த்த ஜெர்மானியர் பிரிட்ஸ் ஷ்லைக்கருக்கே, படங்களின் உரிமையோடு சேர்த்து விற்றுவிட்டார். அதன் பிறகு அந்த அச்சகம் லாபத்தில் ஓடியது! இந்திய சினிமாவின் தந்தை தாதாசாகிப் பால்கேயும் கொஞ்ச காலம் அதன் பணியில் இருந்தார்.

நஷ்டப்பட்டவர் ஒருவர், லாபம் அடைந்தவர்கள் லட்சம் பேர். கோயிலுக்குள் நுழைய அனுமதி இல்லாத சாதியார் அந்த நாளில் எத்தனையோ பேர். அவர்கள் குடிசையில் முதன்முதலாக சாமி படம் மாட்டியது இந்தக் காகிதம் வந்த பிறகுதான். 1936இல் திருவிதாங்கூர்க் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்ட மகாராஜா சித்திரைத் திருநாள், ரவிவர்மாவுக்குக் கொள்ளுப்பேரன் முறை. அவருடைய தாயார் சேது பார்வதி பாய், ரவிவர்மாவின் மகள் வயிற்றுப் பேத்தி.

தம்பி இல்லாத வருடங்கள்

1904இல் ஆங்கிலேய சர்க்கார் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்தது. அப்போதுதான் பெயருக்கு முன்னால் ராஜா என்ற சொல் சர்க்கார் ஏட்டில் ஏறியது. மறு வருடத் தொடக்கத்திலேயே தம்பி ராஜராஜ வர்மா இறந்துபோனார். அண்ணனைவிடப் பல வயது இளையவர். மலையையும் வானத்தையும் எழுத இனி ஆள் இல்லை.

நீரிழிவு வேறு உடம்பை அரித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் மைசூர் மகாராஜா கிருஷ்ணராஜ உடையார் கேட்ட 9 புராணப் படங்களை ஒப்புக்கொண்டு வரைந்தார். பிறகு கிளிமானூர் திரும்பினார். 1906 அக்டோபர் 2ந் தேதி, 58ஆவது வயதில், பிறந்த ஊரிலேயே காலமானார்.

அவர் போன பிறகு, ஐரோப்பியர் மாதிரி வரைந்தவர், இந்தியக் கலை அல்ல என்று வங்காளத்து ஓவியர்களும் சகோதரி நிவேதிதா போன்றவர்களும் கடுமையாகக் குறை சொன்னார்கள். சகுந்தலை தரையில் குப்புறப் படுத்துக் கடிதம் எழுதுவது நிவேதிதாவுக்குப் பிடிக்கவில்லை. குறை சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. சில படங்கள் நாடக மேடை மாதிரிதான் இருக்கின்றன. முகங்களை மட்டும் யாரும் குறை சொல்ல முடியவில்லை. 1979இல் மத்திய சர்க்கார் அவர் படங்களைத் தேசியக் கலைச் செல்வம் என்று அறிவித்து, நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகத் தடை விதித்தது.

மளவ்லி அச்சகம் 1972இல் தீக்கு இரையாயிற்று. திருவனந்தபுரம் சித்ரா கலைக்கூடத்திலும், பரோடாவிலும், மைசூர் ஜெகன்மோகன் அரண்மனையிலும் மூலப் படங்கள் இருக்கின்றன. பெங்களூரிலிருந்து மைசூர் போகும் நம்மவர்கள் ஜெகன்மோகன் அரண்மனையில் விளக்கைக் கையால் மறைத்து நிற்கும் பெண்ணின் முன் கூட்டமாக நின்று, ரவிவர்மா படம் என்று பேசிக்கொள்வார்கள். அது அவருடையது அல்ல. ஹல்தன்கர் என்பவர் வரைந்தது. பல தேசத்து உடையில் 11 பெண்கள் வாத்தியங்களோடு நெருங்கி அமர்ந்திருக்கும் படம் ஒன்றும் அந்த அரண்மனைக்கு உரியது. அதுதான் ரவிவர்மா.