அஞ்சலில் சென்ற கணிதம்

நுழையும்முன்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் பெற விரும்பும் மாணவர் இன்று மதிப்பெண் சான்று, ஆங்கிலத் திறன் தேர்வு, பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதம், நிதிச் சான்று ஆகியவற்றைத் திரட்டிக் கணினிவழி விண்ணப்பிக்கின்றனர். பட்டமும் பணமும் இல்லாத துறைமுக எழுத்தர் ஒருவர் 1913ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு ஒரு மடல் எழுதினார். அம்மடலின் வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

கொங்கில் பிறப்பு

சீனிவாச இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். சென்னிமலையில் பேருந்து ஏறினால் ஒருமணி நேரத்தில் சென்றடையும் ஊர் அது. பாட்டனார் ஈரோடு முன்சீப் நீதிமன்றத்தில் அமீனாவாகப் பணியாற்றியவர். தந்தையார் கும்பகோணத்தில் துணிக்கடைக் கணக்கர். முதலாளியின் பேரேட்டில் ஆயிரங்களை எழுதிவிட்டுத் தம் வீட்டுச் செலவை அணாக்களில் அளக்கும் கணக்கரின் நிலையைத் தறியோசைக்கு நடுவே வளரும் சென்னிமலை மாணவருக்கு விளக்கத் தேவையில்லை.

இராமானுஜனின் பள்ளிப் படிப்பு கும்பகோணத்தில் அமைந்தது. 1903இல் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் அவர் கைக்குக் கிடைத்தது. ஏறத்தாழ ஐயாயிரம் முடிவுகளை அடுக்கித் தரும் அந்நூலில் நிறுவல்கள் மிகக் குறைவு. முடிவை மட்டும் எழுதி, வழியை மனத்திலோ பலகையிலோ விட்டுவிடும் பழக்கம் அவருக்கு இந்நூலால் வலுப்பெற்றது எனலாம். இப்பழக்கமே பின்னாளில் அவர் எழுதிய மடல்களைப் பலர் ஐயுறவும் காரணமாயிற்று.

1904இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்தில் மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டார், ஆங்கிலத்தில் தோற்றார், உதவித்தொகை நின்றது. சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் அதுவே நிகழ்ந்தது. 1907இல் எஃப்.ஏ. தேர்வில் மீண்டும் தோற்றதோடு கல்லூரி வாழ்க்கை முடிந்தது. அத்தேர்வு முறையைக் குறைகூறுவது எளிது. ஆயினும் அவர் பிற பாடங்களைப் படிக்கவே இல்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

மூன்று மறுப்புகள்

1909இல் ஜானகியம்மாளை மணந்தபின் வேலை தேடுவது கட்டாயமாயிற்று. தம் குறிப்பேடுகளையே சான்றிதழாக ஏந்தி ஒவ்வொருவராகச் சந்தித்தார். இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய இராமசாமி ஐயர் அக்குறிப்பேடுகளின் அருமையை உணர்ந்தார். நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் அளித்துச் சிறிதுகாலம் தாங்கினார். 1911இல் கணிதக் கழகத்தின் இதழில் முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. 1912 மார்ச் முதல் நாள் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். அங்குத் தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயர் தாமும் கணிதம் கற்றவர். கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு பொறியாளர். அலுவலகத்தில் வாய்த்த இவ்விருவரும் அவருக்குப் பெருந்துணையாயினர்.

சென்னையில் அவருடைய கணிதத்தை மதிப்பிட வல்லவர் இலர். எனவே பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித், இலண்டனில் தமக்கு ஆசிரியராக இருந்த ஹில்லுக்கு எழுதினார். ஹில் குறைகளைச் சுட்டி, படிக்க ஒரு நூலையும் பரிந்துரைத்தார். மாணவராக ஏற்க முன்வரவில்லை. கேம்பிரிட்ஜின் புகழ்பெற்ற கணித அறிஞர்களான பேக்கர், ஹாப்சன் ஆகியோரிடமிருந்தும் உதவி கிட்டவில்லை.

1913 ஜனவரி 16

நான்காம் முயற்சியாக டிரினிடி கல்லூரியின் ஹார்டிக்கு எழுதினார். இம்மடலின் அமைப்பு கருதத்தக்கது. தம் பணியையும் வறுமையையும் பல்கலைக்கழகப் படிப்பு இன்மையையும் முதற்பத்தியிலேயே மறைக்காமல் கூறினார். அகவை ஏறத்தாழ 23 என்று எழுதினார். உண்மையில் 25 நிறைந்திருந்தது. அடுத்து, ஹார்டி எழுதிய சிறுநூல் ஒன்றைத் தாம் படித்ததையும், பகா எண்களின் எண்ணிக்கை பற்றி அதில் விடை காணப்படாததாகக் கூறப்பட்ட ஒன்றுக்குத் தாம் விடை கண்டதையும் தெரிவித்தார். பின்வந்த பக்கங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட தேற்றங்கள் இருந்தன. கேம்பிரிட்ஜில் இடம் வேண்டும் என்று அவர் ஓரிடத்திலும் கேட்கவில்லை. தேற்றங்களுக்கு மதிப்பிருந்தால் வெளியிட உதவ வேண்டும் என்பதே வேண்டுகோள்.

பகா எண் பற்றிய அவ்விடை பின்னர்ப் பிழையெனத் தெரிந்தது. மற்றத் தேற்றங்களோ ஹார்டியைத் திகைக்க வைத்தன. அன்றிரவு அவரும் உடன்பணியாற்றிய லிட்டில்வுட்டும் அத்தாள்களை ஆராய்ந்து, எழுதியவர் ஏமாற்றுக்காரர் அல்லர், உயர்ந்த கணித மேதை என்ற முடிவுக்கு வந்தனர்.

ஹார்டி பிப்ரவரி 8ஆம் நாள் விடை எழுதினார். ஏற்கெனவே அறியப்பட்டவை, புதியவை, புதியனவற்றுள் முதன்மையானவை எனத் தேற்றங்களைப் பிரித்து, நிறுவல்களைக் கேட்டார். இராமானுஜன் நிறுவல்களை அனுப்பவில்லை. 1, 2, 3 என முடிவின்றிக் கூட்டிச் செல்லும் தொடருக்குத் தம் முறையில் −1/12 என்னும் மதிப்பு வருவதை எடுத்துக்காட்டி, இதனை விளக்கமின்றிச் சொன்னால் தம்மைப் பித்தரென்றே கருதுவர் என்ற பொருளில் எழுதினார். வயிற்றுக்கு உணவிருந்தால்தான் மூளை இயங்கும். ஆதலால் உதவித்தொகை பெறத் துணைசெய்யும் மடல் ஒன்றே தமக்கு முதல் தேவை என்றும் கேட்டுக்கொண்டார். நாணமின்றிக் கேட்ட இவ்வேண்டுகோள் பயன் தந்தது. அந்நாளில் சென்னைக்கு வந்திருந்த வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கரும் குறிப்பேட்டைக் கண்டு பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தார். 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. பட்டமில்லாதவர் ஒருவரைச் சென்னைப் பல்கலைக்கழகம் தன் ஆய்வாளராக ஏற்றுக்கொண்டது.

கடல் கடத்தல்

ஹார்டியின் அழைப்பை முதலில் இராமானுஜன் மறுத்தார். கடல் கடப்பது அவர் பிறந்த சமூகத்தில் விலக்கப்பட்டிருந்தது. தாயார் கோமளத்தம்மாள் இசையவில்லை. நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் தோன்றி இசைவளித்ததால் தாயின் மனம் மாறியது என்பர். 1914 ஜனவரியில் சொற்பொழிவாற்ற வந்த கேம்பிரிட்ஜ் அறிஞர் நெவில் நேரில் பேசி எஞ்சிய ஐயங்களைக் களைந்தார். இராமானுஜனை வாட்டிய ஐயங்கள் எளியவை: செலவுக்குப் பணம், போதாத ஆங்கிலம், மீண்டும் தேர்வு எழுத நேருமோ என்னும் அச்சம். தேர்வு கிடையாது என்று நெவில் உறுதியளித்தார். பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டும், உடை முதலியவற்றுக்கு 100 பவுண்டும், கப்பல் கட்டணமும் வழங்கியது; டிரினிடி 60 பவுண்டு சேர்த்தது. தம் தொகையில் மாதம் 60 ரூபாய் பெற்றோருக்குச் சேர ஏற்பாடு செய்துவிட்டு, குடுமியைக் களைந்து, மார்ச் 17ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலில் புறப்பட்டார்.

கேம்பிரிட்ஜில் அவர் பெற்ற சிறப்புகள் பலரும் அறிந்தவை. 1729 என்னும் எண்ணின் கதையும் அவ்வாறே. ஆகையால் இங்கு விரிக்கவில்லை. பகு எண்கள் குறித்த ஆய்வுக்கு 1916இல் பட்டம் பெற்றார். 1918இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், அதே ஆண்டு அக்டோபரில் டிரினிடியின் ஆய்வுறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் அவர் சென்ற சில மாதங்களில் முதல் உலகப்போர் மூண்டது. மரக்கறி உணவை மட்டும் தாமே சமைத்து உண்டவருக்குக் காய்களும் பிறவும் கிடைப்பது அரிதாயிற்று. குளிரும் தனிமையும் ஒழுங்கற்ற உணவும் சேர்ந்து 1917 முதல் நோய் வாட்டியது. சேர்க்கைக்கான பணத்தையும் விதிவிலக்கையும் பெற்றுத்தந்த பெரியோர், அங்கு அவர் எவ்வாறு உண்டு உறங்குவார் என்பதைப் போதிய அளவு எண்ணவில்லை என்றே தோன்றுகிறது.

சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகையை அறிவித்தபோது, 1919 ஜனவரியில் இராமானுஜன் பதிவாளருக்கு எழுதினார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு கொடுத்து, தம் செலவும் போக எஞ்சுவதை ஏழை மாணவர், ஆதரவற்ற சிறுவர் ஆகியோரின் கல்விக்குப் பயன்படுத்துமாறு அதில் கேட்டுக்கொண்டார்.

கொடுமுடியில் சில மாதங்கள்

அவ்வாண்டு தாயகம் திரும்பியவர் சென்னையின் கோடையைத் தாங்காமல் காவிரிக்கரைக் கொடுமுடியில் தங்கினார். பிறந்த ஈரோட்டுக்கு அருகே வாழ்ந்த அக்காலம் நீளவில்லை. கும்பகோணத்திலும் பின்னர்ச் சென்னையிலும் மருத்துவம் தொடர்ந்தது. 1920 ஜனவரி 12ஆம் நாள் ஹார்டிக்கு இறுதி மடலை எழுதினார்; போலித் தீட்டாச் சார்புகள் என்னும் புதிய கண்டுபிடிப்பு அதில் இருந்தது. படுக்கையில் இருந்தவாறே அவர் கணக்கிட்ட தாள்களை ஜானகியம்மாள் பாதுகாத்து வைத்தார். ஏப்ரல் 26ஆம் நாள், 32ஆம் அகவையில், சேத்துப்பட்டில் இராமானுஜன் மறைந்தார்.

அத்தாள்களைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1923இல் ஹார்டிக்கு அனுப்பியது. அதன்பின் நெடுங்காலம் அவற்றைப் பற்றிய பேச்சே எழவில்லை. 1976இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ், டிரினிடி கல்லூரி நூலகத்தில் வேறு தாள்களுக்கு நடுவே அவற்றைக் கண்டெடுத்தார்.