டாக்டர் படிப்பை விட்டு ஓடிய டார்வின்!

ஒரு குழந்தைக்கு ஆபரேஷன் நடந்து கொண்டிருந்தது. மயக்க மருந்து வராத காலம். குழந்தை படும் வேதனையை, சுற்றி நின்ற மாணவர்களில் ஒருவரால் பார்க்க முடியவில்லை. பாதியிலேயே வெளியே ஓடிவிட்டார். அதன் பிறகு அந்த அறைப் பக்கம் அவர் தலை வைத்தும் படுக்கவில்லை.

அந்த மாணவர்தான் சார்லஸ் டார்வின்.

இங்கிலாந்தில், ஷ்ரூஸ்பரி என்ற ஊரில், 1809-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி டார்வின் பிறந்தார். தகப்பனார் பெயர் பெற்ற டாக்டர். பாட்டனாரும் டாக்டர். மகனும் டாக்டர் ஆகவேண்டும் என்று தகப்பனார் ஆசைப்பட்டார். 1825-ம் ஆண்டு, 16 வயது மகனை ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோ சர்வகலாசாலைக்கு அனுப்பினார்.

ஒரு கினிக்குப் பாடம்

படிப்பில் மனம் செல்லவில்லை. ஆனால் வேறொரு பாடத்துக்கு டார்வின் தவறாமல் போனார். அதே ஊரில் ஜான் எட்மன்ஸ்டன் என்ற கறுப்பர் இருந்தார். தென் அமெரிக்காவில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். செத்த பறவையின் தோலை உரித்து, கெடாமல் பாடம் செய்வதில் கைதேர்ந்தவர். தினம் ஒரு மணி நேரம், இரண்டு மாதம் கற்றுக்கொடுக்க அவர் கேட்ட கூலி ஒரே ஒரு கினி!

பணக்கார டாக்டரின் மகன், முன்னாள் அடிமையின் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் கற்றார். அவரோடு பேசிக் கொண்டிருப்பதும் டார்வினுக்கு மிகவும் பிடித்திருந்தது.

சர்வகலாசாலையின் நிலவறை ஒன்றில் மாணவர்கள் கூடுவார்கள். செடி, பறவை, பூச்சி, மீன் எதைப் பற்றியும் அங்கே கட்டுரை படிக்கலாம், வாதாடலாம். அது பிளினியன் சங்கம். 1826-ம் ஆண்டு நவம்பரில் டார்வின் அதில் சேர்ந்தார்.

கடற்கரையில் சிப்பி ஓடுகளில் கறுப்பாகச் சில உருண்டைகள் ஒட்டியிருக்கும். கடல் பாசியின் குஞ்சு என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவை திருக்கை மீனில் ஒட்டி வாழும் ஓர் அட்டையின் முட்டைகள் என்று டார்வின் கண்டுபிடித்தார். 1827-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி சங்கத்தில் இதை எடுத்துச் சொன்னார். அவருக்கு வயது 18.

ஆனால் ஒரு மனக்கசப்பு. அவரைக் கடற்கரைக்கு அழைத்துப் போய்ப் பழக்கிய டாக்டர் கிராண்ட், மூன்று நாளைக்கு முன்பே, பெரியவர்களின் சங்கத்தில் அதைச் சொல்லிவிட்டார்! பின்னால் அச்சான கட்டுரையில் டார்வினின் பெயரைக் குறிப்பிட்டார் என்பது உண்மை. இருந்தாலும் இளம் மனம் புண்பட்டது.

வாயில் போட்ட வண்டு

டாக்டர் படிப்பு நின்றது. தகப்பனாருக்குக் கோபம். மகன் வேட்டையும் நாயுமாகத் திரிந்து குடும்பப் பெயரைக் கெடுப்பான் என்று பயந்தார். பாதிரியாராகவாவது ஆகட்டும் என்று கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார்.

அங்கே டார்வினுக்கு வண்டுப் பைத்தியம் பிடித்தது. ஒரு நாள் இரண்டு கைகளிலும் அபூர்வ வண்டுகள். மூன்றாவது ஒன்று கண்ணில் பட்டது. வலது கை வண்டை வாயில் போட்டுக்கொண்டார்! அது காரமான நீரைப் பீச்சியது. நாக்கு எரிந்தது. துப்பினார். அந்த வண்டும் போயிற்று. மூன்றாவது வண்டும் போயிற்று.

தாவரப் பேராசிரியர் ஹென்ஸ்லோ மாணவர்களை வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் அழைத்துப் போவார். வழியில் கண்ட செடி, பூச்சி எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்வார். வெள்ளிக்கிழமை மாலையில் அவர் வீட்டுக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கும். டார்வின் அவரை விட்டுப் பிரியவே இல்லை. ஹென்ஸ்லோவோடு நடக்கிறவர் என்றே டார்வினுக்குப் பெயர் வந்துவிட்டது. செடியைப் பறித்தால், எந்த இடத்தில் பறித்தது என்று எழுதி வைக்கவேண்டும். இதில் ஹென்ஸ்லோ மிகவும் கண்டிப்பு.

1831-ம் ஆண்டு பீகிள் என்ற கப்பல் உலகத்தைச் சுற்றப் புறப்பட்டது. டார்வினை அனுப்பலாம் என்று சிபாரிசு செய்தவர் ஹென்ஸ்லோதான். தகப்பனார் முதலில் மறுத்தார். மாமா வெட்ஜ்வுட் எடுத்துச் சொன்ன பிறகே சம்மதித்தார்.

தீவின் பெயர்

1835-ம் ஆண்டு கப்பல் கலாபகஸ் தீவுகளை அடைந்தது. பறவைகளைப் பிடித்து, எட்மன்ஸ்டன் கற்றுக்கொடுத்தபடி பாடம் செய்தார். ஆனால் ஒரு தவறு செய்துவிட்டார். இரண்டு தீவுகளின் பறவைகளை ஓரளவு கலந்துவிட்டார்! பக்கத்துப் பக்கத்துத் தீவுகளில் வேறு வேறு குருவிகள் இருக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. ஊர் திரும்பிய பிறகு, 1837-ல், பறவை நிபுணர் கூல்டு அவை தனித்தனி இனங்கள் என்றார். டார்வின் திகைத்தார். கப்பல் தலைவரும் மற்றவர்களும் பிடித்த பறவைகளின் சீட்டுகளைத் தேடி ஓடினார்.

செடிகள் கைவிடவில்லை. அவற்றைத் தீவு வாரியாகப் பிரித்து வைத்திருந்தார். ஹூக்கர் என்ற தாவர நிபுணர் அவற்றை ஆராய்ந்தார். ஜேம்ஸ் தீவில் கிடைத்த செடிகளில், உலகில் வேறெங்கும் இல்லாதவை 38. அவற்றில் 30 அந்த ஒரு தீவில் மட்டுமே கிடைத்தன!

ஒரு மூல இனத்திலிருந்தே பல இனங்கள் கிளைத்திருக்கின்றன என்று டார்வின் 1859-ம் ஆண்டு புத்தகம் வெளியிட்டார். உலகமே அதிர்ந்தது. 1882-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி காலமானார்.

ஹென்ஸ்லோவுக்கு அவர் அனுப்பிய அந்தச் செடிகள், காய்ந்து பழுத்த நிறத்தில், இன்றும் கேம்பிரிட்ஜில் இருக்கின்றன.