சான்றிதழ் இல்லாத மேதை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

ஜெர்மனியின் லென்னெப் என்னும் ஊரில் துணி வணிகர் ஒருவரின் ஒரே மகனாக 1845 மார்ச் 27 அன்று பிறந்தார் வில்ஹெல்ம் கான்ராட் ராண்ட்ஜன். ஹாலந்து நாட்டு யூட்ரெக்ட் நகரில் அவர் படித்தபோது, சக மாணவன் ஒருவன் ஆசிரியரைக் கேலிச்சித்திரமாக வரைந்துவிட்டான். அவனைக் காட்டிக்கொடுக்க ராண்ட்ஜன் மறுத்தார். பள்ளி அவரை வெளியேற்றியது. இறுதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஒரு காகிதம் எத்தனை கதவுகளை அடைத்துவிடும் என்பதை நன்கு அறிவேன்.

நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம் என்று ஜூரிச் தொழில்நுட்பக் கல்லூரி வழிவிட்டது. 1869-இல் அவர் டாக்டர் பட்டம் பெற்றார். அதன் பின்பும், பழைய சான்றிதழ் இல்லையென்று வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகம் ஆசிரியத் தகுதி தர மறுத்தது. அதே பல்கலைக்கழகம் 1888-இல் அவரைப் பேராசிரியராக வரவேற்றது!

அங்கேதான் 1895 நவம்பர் 8 அன்று, கருங்காகிதம் சுற்றிய மின்னிறக்கக் குழாய்க்கு அப்பால், இருட்டறையில் ஒரு திரை ஒளிர்வதைக் கண்டார். எக்ஸ் கதிர் உலகுக்கு அறிமுகமாயிற்று. 1901-இல் இயற்பியலின் முதல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. பரிசுப் பணத்தைப் பல்கலைக்கழகத்துக்கே அளித்தார். கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறவில்லை. அது ஏழை எளியவர்க்கும் பயன்பட்டது. 1923 பிப்ரவரி 10 அன்று மியூனிக் நகரில் மறைந்தார்.

அவர் பெயர் தாங்கிய 'ரோசாட்' செயற்கைக்கோள் 1990-இல் விண்ணில் ஏறியது. 1996 மார்ச் இறுதியில் ஹியாகுடாகே வால்மீனை அது நோக்கியபோது அறிஞர்கள் திகைத்தனர். பல இலட்சம் டிகிரி வெப்பத்தில் பிறக்கும் எக்ஸ் கதிர், பனியும் தூசும் நிறைந்த வால்மீனிலிருந்து வந்துகொண்டிருந்தது!

மறு ஆண்டே தாமஸ் கிரேவன்ஸ் என்னும் அறிஞர் விளக்கம் தந்தார். சூரியனிலிருந்து வினாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் சூரியக் காற்றில், பல எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன், கார்பன் அயனிகள் உள்ளன. அவை வால்மீனைச் சூழ்ந்த நடுநிலை வாயுவிலிருந்து எலெக்ட்ரானைப் பறிக்கின்றன. பறிபட்ட எலெக்ட்ரான் உயர்ந்த ஆற்றல் மட்டத்திலிருந்து படிப்படியாகக் கீழிறங்கும்போது எக்ஸ் கதிர் வெளிப்படுகிறது. இதுவே மின்னூட்டப் பரிமாற்றம். நம் பூமியைச் சூழ்ந்த மெல்லிய ஹைட்ரஜன் வாயுவிலிருந்து அயனிகள் எலெக்ட்ரானைப் பறிக்கும்போதும் இவ்வாறே எக்ஸ் கதிர் வெளிப்படுகிறது.

பணி முடித்த ரோசாட் 2011 அக்டோபர் 23 அன்று நம் வங்கக் கடலின் மேல் வளிமண்டலத்தில் புகுந்து அழிந்தது.

மதிப்பெண் குறைந்ததென்று மனம் தளரும் நண்பர்களே, சான்றிதழ் மறுக்கப்பட்ட அந்த மாணவரைச் சற்றே நினைத்துப் பாருங்கள்!