லூயிஸ் பிராண்டைஸ்

லூயிஸ் டெம்பிட்ஸ் பிராண்டைஸ் (நவம்பர் 13, 1856 – அக்டோபர் 5, 1941) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த வழக்கறிஞரும் பொருளாதாரச் சீர்திருத்தவாதியும் ஆவார். 1916 முதல் 1939 வரை அந்நாட்டின் உச்ச நீதிமன்ற நீதிபதியாகப் பணியாற்றினார். அந்நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் யூதர் இவரே. பெரு நிறுவனங்களின் ஏகபோகத்திற்கு எதிரான வாதங்கள், தனியுரிமை பற்றிய சட்டக் கருத்துகள் ஆகியவற்றுக்காக இவர் அறியப்படுகிறார். 1916 இல் இவரை நீதிபதியாக நியமிப்பதா வேண்டாமா என்று நான்கு மாதங்கள் நீடித்த கட்சிச் சண்டை, நீதிபதி நியமனங்களின் வரலாற்றில் ஒரு திருப்பமாகக் கருதப்படுகிறது.

இளமைக்காலம்

கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் பிறந்தார். பெற்றோர் அடால்ஃப் பிராண்டைஸ், பிரெடரிகா டெம்பிட்ஸ் இருவரும் பிராகாவிலிருந்து குடிபெயர்ந்த யூதர்கள். 1848 ஆம் ஆண்டுப் புரட்சி தோல்வியடைந்த பின்னர் ஐரோப்பாவை விட்டு வெளியேறிய குடும்பங்களுள் இவர்களுடையதும் ஒன்று. அடிமை முறை நிலவிய மாநிலத்தில் வாழ்ந்தபோதும் இக்குடும்பத்தினர் அதனை எதிர்த்தனர். தாய்வழி மாமன் லூயிஸ் டெம்பிட்ஸ் ஒரு வழக்கறிஞர். 1860 இல் ஆபிரகாம் லிங்கனை வேட்பாளராகத் தேர்ந்தெடுத்த குடியரசுக் கட்சி மாநாட்டில் பேராளராகக் கலந்துகொண்டவர். அவர் மீது கொண்ட மதிப்பினால் பிராண்டைஸ் தம் நடுப்பெயரான டேவிட் என்பதை டெம்பிட்ஸ் என மாற்றிக்கொண்டார்.

தந்தையின் தானிய வணிகம் நலிவுற்ற காலத்தில் குடும்பம் சில ஆண்டுகள் ஐரோப்பாவில் தங்கியது. பிராண்டைஸ் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பள்ளிக்கல்வி பயின்றார். 1875 இல் இளங்கலைப் பட்டம் ஏதுமின்றியே ஹார்வர்டு சட்டப் பள்ளியில் சேர்ந்து, 1877 இல் தம் 20 ஆவது வயதில் மிக உயர்ந்த மதிப்பெண்களுடன் தேறினார். அச்சாதனை பல பத்தாண்டுகள் முறியடிக்கப்படவில்லை. 1879 இல் வகுப்புத் தோழர் சாமுவேல் வாரனுடன் சேர்ந்து பாஸ்டனில் வழக்கறிஞர் நிறுவனம் தொடங்கினார். 1891 இல் ஆலிஸ் கோல்டுமார்க்கை மணந்தார். இவர்களுக்கு இரண்டு மகள்கள்.

1890 இல் வாரனும் பிராண்டைஸும் ஹார்வர்டு சட்ட இதழில் தனியுரிமை குறித்து எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. கையடக்க ஒளிப்படக் கருவிகளும் வதந்திச் செய்தித்தாள்களும் பெருகிய காலம் அது. ஒருவரின் தனிவாழ்வுக்குச் சட்டம் தனியொரு பாதுகாப்பு வழங்க வேண்டும் என அவர்கள் வாதிட்டனர். இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியுரிமையை அடிப்படை உரிமையாக அறிவித்த 2017 ஆம் ஆண்டுப் புட்டசாமி வழக்குத் தீர்ப்பிலும் இக்கட்டுரை பேசப்பட்டுள்ளது.

மக்கள் வழக்கறிஞர்

வணிக வழக்குகளில் பெரும் பொருள் ஈட்டிய பிராண்டைஸ், பொதுநல வழக்குகளுக்குக் கட்டணம் பெற மறுத்தார். அவ்வாறு செலவிட்ட நேரத்துக்கான தொகையைத் தம் சொந்தப் பணத்திலிருந்து தம் நிறுவனத்திற்கே செலுத்தி வந்தார். தம் கொள்கைக்காகப் பங்குதாரர்கள் இழப்படையக்கூடாது என்பது அவர் கணக்கு.

தொழிலாளர்களுக்கான ஆயுள் காப்பீட்டில் நிறுவனங்கள் மிகுதியாகப் பணம் பறிப்பதைக் கண்டு, சேமிப்பு வங்கிகளே குறைந்த செலவில் காப்பீடு வழங்கும் திட்டத்தை வகுத்தார். மாசச்சூசெட்ஸ் சட்டமன்றம் 1907 இல் அதனைச் சட்டமாக்கியது. நியூ ஹேவன் தொடர்வண்டி நிறுவனம் நியூ இங்கிலாந்துப் பகுதியின் போக்குவரத்து முழுவதையும் தன்கீழ்க் கொண்டுவர முயன்றபோது, அதனைப் பல ஆண்டுகள் எதிர்த்தார். வங்கியாளர் ஜே. பி. மார்கனின் ஆதரவு பெற்ற அந்நிறுவனத்தின் கணக்கேடுகளை ஆராய்ந்து, அது தாங்க முடியாத அளவு பங்காதாயம் கொடுத்து வருகிறது என எச்சரித்தார். பாஸ்டன் செல்வந்தர் பலர் அதில் முதலீடு செய்திருந்தமையால் அவ்வெச்சரிக்கை அவருக்குப் பகைவர்களையே தேடித் தந்தது. 1913 இறுதியில் அந்நிறுவனம் பங்காதாயத்தை நிறுத்தியது.

1908 இல் நடந்த முல்லர் எதிர் ஓரிகன் வழக்கில் இவர் கையாண்ட முறை சட்டத்துறைக்குப் புதியது. சலவை நிலையங்களில் பெண்களின் வேலை நேரத்தை நாளொன்றுக்குப் பத்து மணியாக வரையறுத்த ஓரிகன் மாநிலச் சட்டம் செல்லுமா என்பது வழக்கு. மூன்றாண்டுகளுக்கு முன்னர்தான் உச்ச நீதிமன்றம் ரொட்டித் தொழிலாளர்களுக்கான அத்தகைய சட்டம் ஒன்றைச் செல்லாதென அறிவித்திருந்தது. பிராண்டைஸ் அளித்த நூறு பக்கத்திற்கு மேற்பட்ட மனுவில் சட்ட வாதம் இரண்டு பக்கங்கள் மட்டுமே. எஞ்சியவை மருத்துவர்கள், தொழிற்சாலை ஆய்வாளர்கள் முதலியோரின் அறிக்கைகளும் தரவுகளும். அவற்றைத் திரட்டியதில் இவருடைய மனைவியின் தங்கை ஜோசபின் கோல்டுமார்க்கின் உழைப்பு பெரிது. நீதிமன்றம் ஒருமனதாகச் சட்டத்தை ஏற்றது. இவ்வகை மனு இன்றும் பிராண்டைஸ் மனு என்றே வழங்கப்படுகிறது. பெண்கள் உடலளவில் வலிமை குன்றியவர்கள் என்ற கருத்தின்மேல் அத்தீர்ப்பு எழுந்தது என்ற பிற்காலத்துப் பெண்ணியவாதிகளின் குறையும் நியாயமானதே.

பொறியியல் மாணவர்களுக்கு மற்றொரு செய்தி. 1910 இல் தொடர்வண்டி நிறுவனங்கள் சரக்குக் கட்டணத்தை உயர்த்த அனுமதி கோரியபோது, நிருவாகத்தைச் சீர்படுத்தினால் நாளொன்றுக்குப் பத்து இலட்சம் டாலர் மிச்சப்படுத்தலாம் என்று பிராண்டைஸ் தரப்பு சாட்சியம் அளித்தது. பிரெடரிக் டெய்லரின் முறைகளுக்கு அறிவியல் மேலாண்மை என்ற பெயர் பரவியது இவ்வழக்கினால்தான். கட்டண உயர்வு மறுக்கப்பட்டது.

பாலிஞ்சர் விவகாரம்

அரசியல் அறம் பற்றிய பெருஞ்சர்ச்சையில் பிராண்டைஸ் முதன்முதலாக நாடு முழுதும் அறியப்பட்டது 1910 இல் ஆகும். அலாஸ்காவின் நிலக்கரி நிலங்கள் மார்கன், குகன்ஹைம் கூட்டமைப்பின் கைக்குப் போக உள்துறைச் செயலர் ரிச்சர்டு பாலிஞ்சர் துணைபோகிறார் என்று நில அலுவலக அதிகாரி லூயிஸ் கிளாவிஸ் 1909 இல் குற்றம் சாட்டினார். குடியரசுக் கட்சியைச் சேர்ந்த குடியரசுத் தலைவர் வில்லியம் டாஃப்ட், பாலிஞ்சர் குற்றமற்றவர் எனக் கூறி, கிளாவிஸைப் பணிநீக்கம் செய்ய ஒப்புதல் அளித்தார். கிளாவிஸ் தம் தரப்பை கோலியர்ஸ் வார இதழில் எழுதினார். காடுகள் துறைத் தலைவர் கிஃபர்டு பிஞ்சோ அவருக்கு ஆதரவாகப் பேசிப் பதவி இழந்தார். நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்த குழு விசாரணையைத் தொடங்கியது. கிளாவிஸ் சார்பில் பிராண்டைஸ் முன்னிலையானார்.

பாலிஞ்சர் பெரும் ஆவணக் கட்டுகளுடன் டாஃப்டைச் சந்தித்தது செப்டம்பர் 6, 1909. டாஃப்டின் முடிவு வெளியானது செப்டம்பர் 13. அம்முடிவுக்கு அடிப்படை எனக் காட்டப்பட்ட தலைமைச் சட்ட அலுவலர் விக்கர்ஷாமின் நீண்ட அறிக்கை செப்டம்பர் 11 எனத் தேதியிடப்பட்டிருந்தது. அத்தனை ஆவணங்களையும் ஐந்தே நாளில் படித்து அத்தகைய அறிக்கையை எழுதியிருக்க இயலாது என பிராண்டைஸ் ஐயுற்றார். இன்று ஒரு கணினிக் கோப்பு உண்மையில் எந்நேரம் உருவாக்கப்பட்டது எனத் தோண்டிப் பார்ப்பதைப் போன்ற வேலைதான் இது. அறிக்கை பின்னர் எழுதப்பட்டு முன்தேதியிடப்பட்டது என்பது இறுதியில் வெளிவந்தது. டாஃப்டின் முடிவுக்கான வரைவு ஒன்றைப் பாலிஞ்சரின் துறையைச் சேர்ந்த சட்ட அதிகாரியே எழுதித் தந்திருந்தார் என்பதை அத்துறையின் சுருக்கெழுத்தர் ஒருவர் வெளிப்படுத்தினார். அவர் வேலை இழந்தார்.

குழுவின் பெரும்பான்மை கட்சி வழியில் நின்று பாலிஞ்சரை விடுவித்தது. எனினும் அவர் 1911 மார்ச்சில் பதவி விலகினார். மூலக் குற்றச்சாட்டைவிட அதனை மூடிமறைத்த செயலே அரசுக்குக் கேடு விளைத்தது. டாஃப்ட் இதனை மறக்கவில்லை.

வில்சனும் பொருளாதாரக் கொள்கையும்

1912 தேர்தலில் பெரு நிறுவனங்களை என்ன செய்வது என்பதே தலையாய வினாவாக இருந்தது. தியோடர் ரூசவெல்ட் அவற்றை இருக்கவிட்டு அரசு கண்காணிக்கலாம் என்றார். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் உட்ரோ வில்சன் ஆகஸ்ட் 28, 1912 அன்று பிராண்டைஸைச் சந்தித்தார். போட்டியைக் காப்பதே அரசின் கடமை, அளவு மிஞ்சிய நிறுவனம் திறனற்றது என்பதோடு மக்களாட்சிக்கும் ஆபத்தானது என்ற பிராண்டைஸின் கருத்து வில்சனின் பரப்புரையில் இடம்பெற்றது.

1913 இல் நடுவண் வங்கி அமைப்பான பெடரல் ரிசர்வ் உருவானபோது, நாணய வெளியீடும் மேலாண்மைக் குழுவும் வங்கியாளரிடமன்றி அரசிடமே இருக்க வேண்டும் என அறிவுரை கூறினார். 1914 இல் நிறுவப்பட்ட பெடரல் வணிக ஆணையத்திலும் இவருடைய பங்குண்டு. அதே ஆண்டில் வெளியான பிறர் பணமும் வங்கியாளர்கள் அதனைப் பயன்படுத்தும் விதமும் என்ற நூலில், ஒரு சில வங்கியாளர்களே பல நிறுவனங்களின் இயக்குநர்களாக அமர்ந்து மக்களின் சேமிப்பைக்கொண்டே மக்களை ஆள்வதை விளக்கினார். சிறு நிறுவனங்கள் மீதான இவருடைய பற்றுக்குப் பொருளியலாளர் பலர் உடன்படுவதில்லை. பேரளவு உற்பத்தியால் விலை குறைவதை இவர் குறைத்து மதிப்பிட்டார் என்பர். இவ்வாண்டில்தான் அமெரிக்க சியோனிச இயக்கத்தின் தலைமையையும் ஏற்றார்.

1916 நியமனப் போராட்டம்

நீதிபதி ஜோசப் லாமர் மறைந்ததை அடுத்து, சனவரி 28, 1916 அன்று வில்சன் பிராண்டைஸின் பெயரை அறிவித்தார். அவ்வாண்டு நவம்பரில் குடியரசுத் தலைவர் தேர்தல் வரவிருந்தது. நியமனம் நடக்கும் மாநிலத்தின் செனட் உறுப்பினர்களைக் கலந்துகொள்ளும் வழக்கத்தை வில்சன் பின்பற்றவில்லை. மாசச்சூசெட்சின் இருவரும் குடியரசுக் கட்சியினர்.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. முன்னாள் குடியரசுத் தலைவர் டாஃப்ட் உள்ளிட்ட அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் முன்னாள் தலைவர்கள் பலர், பிராண்டைஸ் இப்பதவிக்குத் தகுதியற்றவர் எனக் கையொப்பமிட்டனர். அப்பதவியைத் தாமே பெற டாஃப்ட் விரும்பியிருந்தார் என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் லாரன்ஸ் லோவல் தலைமையில் பாஸ்டன் பிரமுகர்கள் 55 பேர் மனு அளித்தனர். மறுபுறம், ஹார்வர்டு சட்டப் பள்ளியின் ஆசிரியர்களுள் பெரும்பாலோரும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர் சார்லஸ் எலியட்டும் ஆதரவு தெரிவித்தனர்.

பிப்ரவரி 9 அன்று செனட் நீதிக்குழுவின் துணைக்குழு திறந்த விசாரணை தொடங்கியது. உச்ச நீதிமன்ற நியமனம் ஒன்றுக்கு இவ்வாறு பொது விசாரணை நடந்தது அதுவே முதன்முறை. சாட்டப்பட்டவை பெரும்பாலும் தொழில் அறம் பற்றியவை. காலணி இயந்திர நிறுவனம் ஒன்றின் இயக்குநராகவும் வழக்கறிஞராகவும் இருந்து, பின்னர் அதே நிறுவனத்தை எதிர்த்தார் என்பது ஒன்று. கடனில் மூழ்கிய தோல் தொழிலதிபர் ஒருவர் உதவி நாடி வந்தபோது, அவருக்காகவா கடன் கொடுத்தோருக்காகவா தாம் செயற்படுகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்பது மற்றொன்று. இக்குற்றச்சாட்டுகளைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள், இவர் சொந்த ஆதாயத்திற்காக யாரையும் ஏமாற்றியதற்குச் சான்றில்லை என்றே பெரும்பாலும் கருதினர். ஆயினும் கட்சிக்காரருக்காக வாதிடுபவர் என்ற நிலையைவிட நடுவர் நிலையையே இவர் விரும்பினார். அதனைக் கட்சிக்காரருக்கு விளக்கத் தவறினார். ஆகவே எதிர்த்தோர் கூறியவை யாவும் வெறும் கட்சிக் காழ்ப்பு எனத் தள்ளிவிட இயலாது. யூத வெறுப்பு வெளிப்படையாகப் பேசப்பட்டது குறைவு. உள்ளூர அது வேலை செய்தது.

பிராண்டைஸ் விசாரணைக்கு வரவில்லை. வேட்பாளர் நேரில் வரும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. எனினும் பாஸ்டனிலிருந்தபடியே ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் ஆவணங்களைத் திரட்டி நண்பர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். மே 24 அன்று நீதிக்குழு கட்சி வாரியாகப் பிரிந்து 10–8 என ஒப்புதல் அளித்தது. சூன் 1 அன்று செனட் 47–22 என்ற வாக்குகளில் நியமனத்தை உறுதி செய்தது. குடியரசுக் கட்சியினர் மூவர் ஆதரித்தனர்; ஜனநாயகக் கட்சியினர் ஒருவர் எதிர்த்தார். டாஃப்ட் 1921 இல் தலைமை நீதிபதியாகி, தாம் தகுதியற்றவர் என்று கூறியவருடன் ஒன்பது ஆண்டுகள் ஒரே அமர்வில் பணியாற்றினார். இருவரும் இணக்கமாகவே பழகினர். நீதிபதி மெக்ரெனால்ட்ஸ் மட்டும் யூத வெறுப்பை இறுதிவரை கைவிடவில்லை.

நீதிபதியாக

ஆலிவர் வெண்டல் ஹோம்சுடன் சேர்ந்து பல மாறுபட்ட தீர்ப்புகளை எழுதினார். 1927 விட்னி வழக்கில் பேச்சுரிமை குறித்து எழுதிய தனித்தீர்ப்பும், தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு எதிராக 1928 ஓம்ஸ்டெட் வழக்கில் எழுதிய மாறுபட்ட தீர்ப்பும் பிற்காலத்தில் பெரும்பான்மைக் கருத்துகளாயின. மாநிலங்கள் புதிய பொருளாதாரச் சோதனைகளைச் செய்து பார்க்க நீதிமன்றம் தடையாக இருக்கலாகாது என 1932 இல் வாதிட்டார். 1927 இல் கட்டாயக் கருத்தடையை ஏற்ற பக் வழக்கின் பெரும்பான்மையில் இவரும் இருந்தார் என்பது இவர் மீதான மறையாக் கறை.

பிராங்க்ளின் ரூசவெல்ட்டின் திட்டங்கள் பலவற்றை ஆதரித்தபோதும், 1935 மே 27 அன்று தேசியத் தொழில் மீட்புச் சட்டத்தைச் செல்லாதென அறிவித்த ஒருமனதான தீர்ப்பில் இணைந்தார். 1937 இல் எழுபது வயது கடந்த நீதிபதிகளைச் சுட்டி நீதிமன்றத்தின் எண்ணிக்கையை ஆறு வரை கூட்ட ரூசவெல்ட் முயன்றார். அப்போது அமர்விலேயே மூத்தவர் 80 வயதான பிராண்டைஸ். வேலை தேங்கவில்லை எனக் காட்டித் தலைமை நீதிபதி ஹியூஸ் செனட்டுக்கு எழுதிய மடலுக்கு அவர் உடன்பட்டார். செனட் நீதிக்குழு அத்திட்டத்தை நிராகரித்த வாக்கும் 10–8 தான். இம்முறை ரூசவெல்ட்டின் சொந்தக் கட்சியினரே பிளவுபட்டனர்.

பிராங்பர்ட்டர் கொடுப்பனவுகள்

நீதிபதியான பின்னர் வெளிப்படையான அரசியலிலிருந்து விலகிய பிராண்டைஸ், ஹார்வர்டு பேராசிரியர் பீலிக்ஸ் பிராங்பர்ட்டருக்குப் பொதுப்பணிகளுக்கெனப் பணம் அனுப்பி வந்தார். 1920களின் நடுப்பகுதியிலிருந்து இது ஆண்டுக்கு 3,500 டாலராக இருந்தது. சட்ட வரைவுகள், கட்டுரைகள், வழக்குகள் பற்றிய யோசனைகளும் மடல்களில் சென்றன. 1982 இல் வெளியான ஒரு நூலுக்குப் பின்னர் இது பரவலாக விவாதிக்கப்பட்டது. அக்கால வழக்கத்திற்கு மாறானதன்று என்பர் சிலர். பாலிஞ்சர் விசாரணையில் அரசு மறைத்த தாள்களைத் தேடிப்பிடித்தவர் தாமே இதனை வெளியே சொல்லாதிருந்தது பொருந்தவில்லை என்பர் பிறர். இரண்டாவது கருத்தே வலுவானதாகத் தோன்றுகிறது.

மறைவு

பிப்ரவரி 13, 1939 அன்று ஓய்வு பெற்றார். அவருடைய இடத்திற்கு வில்லியம் டக்லஸ் வந்தார். அக்டோபர் 5, 1941 அன்று வாஷிங்டனில் காலமானார். 1948 இல் மாசச்சூசெட்ஸின் வால்தம் நகரில் தொடங்கப்பட்ட பிராண்டைஸ் பல்கலைக்கழகம் இவர் பெயரைத் தாங்கியது. ஏகபோக எதிர்ப்பில் இவர் வழியைப் பின்பற்றுவோர் 2010களில் மீண்டும் செல்வாக்குப் பெற்றனர். அவர்களுள் ஒருவரான லீனா கான் 2021 முதல் 2025 வரை பெடரல் வணிக ஆணையத்தின் தலைவராக இருந்தார். பிராண்டைஸின் சாம்பல், பிறந்த ஊரான லூயிவிலின் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளி முகப்பில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது.