ஏடா லவ்லேசு அம்மையார்

ஆங்கிலப் பெருங்கவிஞர் பைரன் பிரபுவுக்கும் அன்னபெல்லா அம்மையாருக்கும் ஒரே மகளாக ஏடா 1815ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 10ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். குழந்தைக்கு ஒரு திங்கள் நிரம்பிய அளவில் பெற்றோர் பிரிந்தனர். 1816இல் நாடு நீங்கிய தந்தையார் மீளவேயில்லை. 1824இல் கிரேக்க நாட்டில் உயிர் நீத்தார். தந்தையின் கட்டுக்கடங்கா இயல்பு மகளிடம் தலைகாட்டலாகாது என்று அஞ்சிய அன்னையார், கணக்கையே அவருக்குக் கடிவாளமாக்கினார். ஆயினும் கற்பனை அடங்கிற்றில்லை. அது கணக்கினுள்ளே புகுந்து வாழ்ந்தது.

1829இல் தட்டம்மை கண்டு ஏடாவின் கால்கள் செயலிழந்தன. நெடுநாள் ஊன்றுகோலின் துணையால் நடந்தார். கல்வியை மட்டும் விட்டாரல்லர்.

1833இல், தம் பதினேழாம் வயதில், அவர் சார்லசு பாபேசு என்னும் அறிஞரைக் கண்டார். அக்காலத்து மாலுமிகள் எண் அட்டவணைகளை நம்பியே கலம் செலுத்தினர். அவற்றில் ஓர் எண் பிழைத்தாலும் கலம் திசை தவறும். ஆதலின் பாபேசு, பற்சக்கரங்களாலேயே வரிவரியாக அட்டவணை கணிக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்யத் தொடங்கியிருந்தார். பிறர் அதனை வேடிக்கையாகப் பார்த்துச் சென்றனர். ஏடாவோ அது இயங்கும் முறையை அறிய முற்பட்டார். 1835இல் அவருக்குத் திருமணமாயிற்று. மூன்று மக்களுக்குத் தாயான பின்னரும் தெமார்கன் என்னும் கணக்கறிஞரிடம் கடிதவழிப் பாடங் கேட்டார்.

இதற்கிடையே பாபேசு வேறோர் இயந்திரத்தைக் கருதினார். துணியில் பூவேலை நெய்ய ஜக்கார்டு தறியில் துளையிட்ட அட்டைகள் பயன்பட்டன அல்லவா? அத்தகைய அட்டைகள் இட்ட ஆணைப்படி எக்கணக்கையும் செய்ய வல்லது அது. அதனைப் பற்றி இத்தாலியராகிய மெனாபிரியா பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரை 1842இல் வெளிவந்தது. ஏடா அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து, தம் குறிப்புகளையும் சேர்த்து, 1843இல் வெளியிட்டார். குறிப்புகள் மூலத்தைப் போல் ஏறத்தாழ மும்மடங்கு நீண்டன!

இறுதிக் குறிப்பில் அமைந்த அட்டவணையே பெரும்புகழ் பெற்றது. பெர்னௌலி எண்களை இயந்திரம் கணிக்கும் வழியை அது 25 வரிகளில் காட்டுகிறது. எந்தச் செயல், எந்தெந்த எண்நிரல்களைக் கொண்டு, விடை எந்நிரலில் சேர வேண்டும் என்பதை வரிதோறும் காணலாம். இவ்வெண்களில் ஒன்றைக் காண முந்தியவை அனைத்தும் வேண்டும். ஆகவே 13ஆம் வரி முதல் 23ஆம் வரி வரை உள்ள செயல்கள் மீண்டும் மீண்டும் நிகழுமாறு அமைத்தார். பலகையில் எழுதிய விடையை அழித்துவிட்டு அங்கேயே அடுத்த விடையை எழுதும் மாணவன் கையில் முடிவில் ஒரே விடைதான் எஞ்சும். அவ்வாறு நேராதபடி ஒவ்வொரு விடைக்கும் தனி நிரல் ஒதுக்கப்பட்டது. புதிய சுற்றுக்கு முன் எண்ணிக்கையில் ஒன்று கூட்டப்பட்டது. துணைநிரல்கள் சில சுழியாக்கப்பட்டன. இன்று கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர் ஒரு சுழற்சிக்குள் வரிசை வரிசையாக அணி ஒன்றைக் கட்டும்போது கைக்கொள்ளும் முறையும் இதுவே.

இவ்வட்டவணையில் பாபேசின் பங்கு எவ்வளவு என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், தாம் செய்த பெரும் பிழை ஒன்றை ஏடா கண்டு திருத்தக் கேட்டதை பாபேசே பிற்காலத்தில் எழுதி வைத்தார். அச்சான அட்டவணையிலும் நான்காம் வரியில் வகுக்கும் எண்ணும் வகுபடும் எண்ணும் இடம் மாறிக் கிடக்கின்றன. இயந்திரம் ஓடியிருப்பின் அப்பிழை அன்றே வெளிப்பட்டிருக்கும்.

ஆனால் இயந்திரம் எழவேயில்லை. முந்திய இயந்திரத்துக்கு அளித்த பொருளுதவியை அரசு 1842இலேயே நிறுத்தியிருந்தது. புதிய பணியை நடத்தும் பொறுப்பைத் தாம் ஏற்பதாக ஏடா எழுதினார், பாபேசு இசையவில்லை. அவ்வியந்திரம் இயங்கக் காணாமலே, தந்தையாரைப் போன்று 36ஆம் வயதிலேயே, 1852ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் ஏடா புற்றுநோயால் மறைந்தார். தாம் விரும்பியவாறே அக்னல் ஊர்த் திருக்கோயிலில், முகமறியாத தந்தையின் அருகே அடக்கம் செய்யப்பெற்றார். அவருடைய குறிப்புகள் 1953இல் மீண்டும் அச்சேறின. அமெரிக்க நாட்டுப் பாதுகாப்புத் துறை ஆக்குவித்த கணிப்பொறி மொழி ஒன்றுக்கு ஏடா என்று பெயரிட்டனர். 1980இல் ஏற்கப்பெற்ற அதன் தரநூலின் எண் 1815.