குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா

சேர்வராயன் மலைமேல் ஏற்காட்டிற் பயிலும் சிறுவர்க்கு ஆங்கிலக் குழந்தைப் பாட்டுக்கள் நெடுநாட் பழக்கம். 1917-ம் ஆண்டில் மான்ட்போர்ட் பள்ளி தோன்றியபோது அங்கே பயின்ற ஐரோப்பியச் சிறுவர்க்கு அவை தாய்மொழிப் பாட்டுக்களே. மலைக்குக் கீழே ஊர்ப்பள்ளிகளிற் பயின்ற தமிழ்ச் சிறுவனுக்கோ ஆத்திசூடியும் பிற நீதிநூல்களும் வாய்த்தனவேயன்றி, அவன் மகிழ்ந்து பாடுதற்கென்றே அச்சிட்ட பாட்டுக்கள் மிகச் சிலவே. தாய்மார் வாயில் வழங்கிய பாட்டுக்கள் ஏராளம், புத்தகமோ அரிது. பாரதியாரும், அவர்க்குப்பின் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் இக்குறையை நீக்க வழிகாட்டினர். அவ்வழியிற் புகுந்து, அதனையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் வள்ளியப்பா.

இவர் 1922-ம் ஆண்டு நவம்பர் மாதம் 7-ந் தேதி, புதுக்கோட்டைச் சமஸ்தானத்து இராயவரத்தில், அழகப்பச் செட்டியாருக்கும் உமையாள் ஆச்சிக்கும் மகனாய்ப் பிறந்தார். பதின்மூன்று வயதில் தோழருடன் கடியாபட்டிச் சினிமாக் கொட்டகைக்கு நடந்து சென்றவர், கொட்டகை விளம்பரத்தையே பாட்டாக்கிப் பாட, தோழரும் கூடப் பாடினராம். அவர் புலமைக்கு அரங்கேற்றம் அதுவே!

உயர்நிலைப் பள்ளியோடு இவர் படிப்பு நின்றது. கல்லூரி வாயில் மிதியாதவர் சரிதம் கல்லூரி மலருக்குப் பொருந்துமோ என்று ஐயுறுவார் உளராயின், பட்டம் பெற்ற நம்மவருள் எத்தனைபேர் ஒரு குழந்தைக்கு விளங்கும்படி ஒரு பக்கம் எழுத வல்லர் என்று அவர் எண்ணிப்பார்ப்பாராக.

1940-ல் சென்னையை அடைந்து, வை. கோவிந்தன் நடத்திய 'சக்தி' காரியாலயத்திற் காசாளராய் அமர்ந்தார். பணம் எண்ணிய அவ்விளைஞரை எழுதத் தூண்டியவர் ஆசிரியர் தி. ஜ. ர. ஆவர். மறு ஆண்டில் இந்தியன் வங்கியிற் சேர்ந்து, ஏறக்குறைய நாற்பது ஆண்டு அங்கே ஊழியம் புரிந்தார். பகலெல்லாம் பேரேடும் வட்டிக்கணக்கும். எஞ்சிய பொழுதெல்லாம் பாட்டு. 1944-ல் இருபத்துமூன்று பாட்டுக்களுடன் வெளிவந்த 'மலரும் உள்ளம்' இவர் பெயரை வீடுதோறும் கொண்டுசென்றது. அப்பாட்டுக்களைக் கற்கக் குழந்தைக்கு அகராதி வேண்டுவதில்லை; தாளம் போடக் கையிருந்தாற் போதும். அறிவுரை இல்லாமலில்லை, ஆயினும் அது பிரம்பேந்தி வருவதில்லை.

இவர் எழுதியதோடு அமைந்தாரல்லர். பள்ளிகளை நாடிச் சென்று, சிறுவர் நடுவே நின்று கதை சொல்லியும் பாடியும் களித்தார். பிள்ளைகள் கூடப் பாடாத பாட்டு, புலவர் புகழினும் என்ன பயன்?

குழந்தைகட்கு எழுதுவோரைப் பெரியோர்க்கு எழுதத் தெரியாதவர் என்று இகழும் வழக்கம் அக்காலத்தே இருந்தது. இன்றும் முற்றும் ஒழிந்ததென்று சொல்லுதற்கில்லை. தனித்து நின்று இவ்விகழ்ச்சியைப் போக்கல் அரிதென்று உணர்ந்தே, 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கம் காண இவர் முன்னின்றார். எழுதுவோர் ஒருங்கு கூடித் தம் தொழிலை ஆராய அதனால் இடம் உண்டாயிற்று, மாநாடுகள் நிகழ்ந்தன, புதியோர் பலர் ஊக்கம் பெற்றனர். தம் புகழைப் பெருக்க விழைபவர் தமக்குப் போட்டியாளரை வளர்ப்பதுண்டோ? வள்ளியப்பா வளர்த்தார். அவர் செயல்களுள் இதனையே யாம் தலையாயதாகக் கருதுகிறோம்.

'பூஞ்சோலை' முதலிய சிறுவர் பத்திரிகைகளையும் நடத்தினார். வங்கிப் பணியினின்று ஓய்வுற்றபின் 'கோகுலம்' பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பேற்று, சிறுவர் தாமே எழுதி விடுத்தவற்றையும் அதில் அச்சேற்றினார். 1989-ம் ஆண்டு மார்ச் மாதம் 16-ந் தேதி இயற்கையெய்தினார். அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு.