பெயரைப் பகிர்ந்துகொண்ட மருத்துவர்



பூச்சி கடித்தால் சொறிந்துவிட்டு மறந்துவிடுகிறோம். ஆனால் கொசுவைவிடச் சிறிய மணல் ஈ, 'காலா அசார்' என்னும் கருங்காய்ச்சலைப் பரப்பி எத்தனையோ ஏழைகளின் உயிரைப் பறித்தது. தோல் கறுக்கும், வயிறு வீங்கும், உடல் மெலியும். மலேரியா என்றே பலரும் நினைத்தனர்.

அப்படி எண்ணி விட்டுவிடாதவர் சார்லஸ் டோனவன். 1863-இல் கொல்கத்தாவில் பிறந்த இவர், அயர்லாந்தில் மருத்துவம் பயின்று, சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராகவும் அரசு பொது மருத்துவமனையில் மருத்துவராகவும் பணியாற்றினார். 1903-இல், இறந்தோரின் மண்ணீரலில் நுண்ணிய உருவங்களைக் கண்டார். அவ்வாண்டு மே மாதம் லண்டனில் லீஷ்மன் என்பவர் இதே கண்டுபிடிப்பை வெளியிட்டார். ஜூன் மாதம் டோனவன், உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலிலும் அவற்றைக் கண்டார். முதலில் கண்டவர் யார் என்ற வாதம் எழுந்தது. ரொனால்ட் ராஸ் இருவர் பெயரையும் இணைத்து, அந்த ஒட்டுண்ணிக்கு 'லீஷ்மேனியா டோனவானி' என்று பெயரிட்டார்.

டோனவன் 1919-இல் ஓய்வுபெற்று, 1951-இல் இங்கிலாந்தில் மறைந்தார். இதற்கிடையே 1922-இல் உபேந்திரநாத் பிரம்மச்சாரி மற்றோர் உண்மையைச் சொன்னார். காய்ச்சல் குணமானவர் சிலரின் தோலில் வெளிறிய தேமலும் முடிச்சுகளும் தோன்றுகின்றன. ஒட்டுண்ணி அங்கே தங்கியிருக்கிறது. அங்கே கடிக்கும் மணல் ஈ, நோயை அடுத்தவருக்குக் கொண்டுசெல்கிறது. வலி இல்லாததால் அவர் மருத்துவரிடம் போவதில்லை. தொழுநோய் என்று தவறாக எண்ணி அக்கம்பக்கத்தார் ஒதுக்கினால், அவர் இன்னும் மறைந்துகொள்வார்.

அடுத்தவர் தோலில் தேமலைக் கண்டால் நாம் விலகுகிறோமா, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறோமா? சிந்திப்போம்.